லினக்ஸிலும் மேக்கிலும் இருந்தபடியே விண்டோஸ் பூட் பென்டிரைவ் தயாரிப்பது எப்படி?

விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து லினக்ஸ் பென்டிரைவ் செய்வது இரண்டு கிளிக் வேலை. கையில் லினக்ஸோ மேக்கோ மட்டும் இருந்து, விண்டோஸ் நிறுவ பென்டிரைவ் வேண்டும் என்னும்போதுதான் பலருக்கு அரை நாள் போகிறது. லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் டிஸ்க்கை அப்படியே அடக்கிய ஒற்றைக் கோப்பு) பழகிய வழியையே விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கும் போட்டுப் பார்ப்பதுதான் காரணம்.

லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் கலப்பு வகை. டிவிடியில் எழுதினாலும் பூட் ஆகும், பென்டிரைவில் பைட் பிசகாமல் அப்படியே கொட்டினாலும் பூட் ஆகும். கோப்பின் தொடக்கத்திலேயே பார்ட்டிஷன் டேபிளை (டிஸ்க்கின் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல்) செருகித்தான் வெளியிடுகிறார்கள். ஐஎஸ்ஓவை அப்படியே கொட்டும் டிடி கட்டளையும் பலேனா எட்சர் என்ற செயலியும் அந்தத் துணிச்சலில்தான் வேலை செய்கின்றன. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் அந்தச் செருகல் இல்லை. அது டிவிடிக்கென்றே யூடிஎஃப் கோப்பு முறையில் கட்டப்பட்டது. டிடியால் பென்டிரைவில் கொட்டினால் எழுதி முடியும், பிழை எதுவும் வராது, ஆனால் பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே இருக்காது. எட்சர் பார்ட்டிஷன் டேபிள் இல்லை என்று எச்சரிக்கும். அதைத் தாண்டிப் போய் எழுதினாலும் இதே கதிதான்.

ஆகவே விண்டோஸ் ஐஎஸ்ஓவை "எழுத" வேண்டாம், உள்ளே இருப்பதைக் காப்பி செய்தால் போதும். கணினியை எழுப்பும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், ஃபேட்32 (பழைய, எளிய கோப்பு முறை) பார்ட்டிஷன் ஒன்றில் இஎஃப்ஐ ஃபோல்டர், அதனுள் பூட் ஃபோல்டர், அதனுள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஓட்டிவிடும். அந்தக் கோப்பு விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் சரியான இடத்தில் தயாராகவே இருக்கிறது. பூட் செக்டர் எழுதும் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

இடையில் நிற்கும் தடை ஒரே ஒரு கோப்பு: சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால்.விம். விண்டோஸ் முழுவதும் சுருக்கப்பட்டு இதற்குள்தான் இருக்கிறது. இப்போதைய ஐஎஸ்ஓக்களில் இது 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32 ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்குகிறது, அதனால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரு கோப்பு அதில் நுழையாது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்தால் கோப்பு நுழையும், ஆனால் ஃபேட் தவிர மற்றவற்றைப் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யூஇஎஃப்ஐக்கு இல்லை. சில மதர்போர்டுகள் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், பல படிக்காது. எக்ஸ்ஃபேட்டை நம்பவே வேண்டாம்.

இந்தத் தடையைத் தாண்ட மூன்று வழிகள் இருக்கின்றன. எளிதில் பிசகாதது, செக்யூர் பூட்டை (கையொப்பமுள்ள பூட்லோடரை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) அணைக்கத் தேவையில்லாதது, லினக்ஸ், மேக் இரண்டிலும் செல்லுபடியாவது என்று பார்த்தால் இன்ஸ்டால்.விம்மைத் துண்டாக்கும் வழிதான். அதையே விரிவாகப் பார்ப்போம். கட்டளைப் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

தொடங்கும் முன்

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும், 16 ஜிபி இருந்தால் டிரைவர்கள் வைக்க இடம் கிடைக்கும். அதில் உள்ள அனைத்தும் அழியும்.

ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுங்கள். "மீடியா கிரியேஷன் டூல்" விண்டோஸில் மட்டுமே ஓடும் எக்ஸ்இ, அதைத் தொட வேண்டாம். அதே பக்கத்தில் டிஸ்க் இமேஜ் என்ற பகுதி இருக்கும், எக்ஸ்64 பதிப்பை அங்கே தேர்ந்தெடுக்கலாம். கிடைக்கும் இணைப்பு 24 மணி நேரமே செல்லும், அதனால் இணைப்பைச் சேமித்து வைத்து அடுத்த வாரம் டவுன்லோடு செய்ய நினைப்பது நடக்காது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் எதை நிறுவுவது என்று முடிவெடுக்கும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன்லோடு ஆனதும் ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) சரிபார்க்க வேண்டும். லினக்ஸில் ஷா256சம், மேக்கில் ஷாசம் கட்டளையோடு -ஏ 256. வரும் 64 எழுத்து எண்ணை மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் உள்ள ஹேஷோடு ஒப்பிடுங்கள். சோம்பல் பட்டு இந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தினால், நிறுவல் 60 விழுக்காட்டில் நின்று 80070570 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டும்போது கோளாறு ஐஎஸ்ஓவிலா, பென்டிரைவிலா, ரேமிலா என்று தெரியாமல் விழிக்க நேரிடும்.

லினக்ஸில் செய்முறை

முதலில் எது பென்டிரைவ் என்று உறுதி செய்யுங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பென்டிரைவ் செருகுவதற்கு முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை ஓட்டினால், புதிதாக முளைத்த வரிதான் பென்டிரைவ். இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் உள் டிஸ்க் என்விஎம்இ என்று தொடங்கும் பெயரில் இருக்கும், பென்டிரைவுக்கு எஸ்டிஏ என்ற பெயர் கிடைக்கும். சாட்டா டிஸ்க் உள்ள கணினியிலோ எஸ்டிஏ என்பது பொதுவாக உள் டிஸ்க், பென்டிரைவ் எஸ்டிபி. எங்கோ படித்த கட்டளையை அப்படியே ஒட்டி என்டர் தட்டுபவர்கள் டிஸ்க்கை இழப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி. வலது மேல் மூலையில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருந்தால் (திறந்து பயன்பாட்டில் இருந்தால்) அன்மவுன்ட் செய்து, டிவைஸ் மெனுவில் புதிய பார்ட்டிஷன் டேபிள், வகை ஜிபிடி (டேபிளின் புதிய வகை). முன்பு லினக்ஸ் ஐஎஸ்ஓ எழுதிய பென்டிரைவ் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. பழைய டேபிளின் மிச்சம் இருந்தால் ஃபர்ம்வேர் குழம்பும். பிறகு முழு இடத்துக்கும் ஒரே ஃபேட்32 பார்ட்டிஷன். லேபிள் 11 எழுத்துக்குள், ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். டிக் குறியை அழுத்தினால்தான் உண்மையில் எழுதும். பார்ட்டிஷனின் கொடிகளை (ஃபிளாக்) தொட வேண்டாம்: எம்எஸ்எஃப்டிடேட்டா என்று தானாக வருவது அப்படியே இருக்கட்டும்.

இனி ஐஎஸ்ஓ மீது வலது கிளிக், டிஸ்க் இமேஜ் மவுன்ட்டர் கொண்டு திறக்கவும். உள்ளே பூட், இஎஃப்ஐ, சோர்சஸ், சப்போர்ட் போன்ற ஃபோல்டர்களும் செட்அப்.எக்ஸ்இயும் தெரிய வேண்டும். அதற்குப் பதில் ரீட்மீ.டெக்ஸ்ட் என்ற ஒற்றைக் கோப்பு மட்டும் தெரிந்தால் ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி டவுன்லோடு செய்யாதீர்கள். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், இந்த டிஸ்க்கில் யூடிஎஃப் கோப்பு முறை இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த இயங்குதளம் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஐஎஸ்ஓவுக்குள் இரண்டு கோப்பு முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, நீங்கள் திறந்த கருவி பழையதைப் படித்திருக்கிறது. மவுன்ட் கட்டளையில் வகையை யூடிஎஃப் என்று குறிப்பிட்டால் உண்மையான உள்ளடக்கம் வரும். 7-ஜிப் கொண்டு பிரித்தெடுத்தாலும் சரி.

சோர்சஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் பென்டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். பென்டிரைவில் சோர்சஸ் என்று அதே ஆங்கில எழுத்துகளில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, இன்ஸ்டால்.விம் ஒன்றை விட்டுவிட்டு அந்த ஃபோல்டரில் உள்ள மற்ற அனைத்தையும் அதற்குள் போடுங்கள். இன்ஸ்டால்.விம் இல்லாமல் இன்ஸ்டால்.இஎஸ்டி இருந்தால் அதன் அளவைப் பாருங்கள். 4 ஜிபிக்குள் என்றால் அதையும் காப்பி செய்துவிடலாம், துண்டாக்கும் வேலையே இல்லை.

துண்டாக்க விம்லிப் என்ற கருவித்தொகுப்பு வேண்டும். டெபியன், உபுண்டு, மின்ட்டில் தொகுப்பின் பெயர் விம்டூல்ஸ். ஃபெடோராவில் விம்லிப்-யூட்டில்ஸ். ஆர்ச்சில் வெறும் விம்லிப். நிறுவியதும் கிடைக்கும் கட்டளை விம்ஸ்பிளிட். அதற்கு மூன்று விவரங்கள், இதே வரிசையில்: மவுன்ட் ஆன ஐஎஸ்ஓவில் இன்ஸ்டால்.விம் இருக்கும் முழுப் பாதை. பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டர் பாதையோடு இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் என்ற பெயர்; கடைசியில் 3800 என்ற எண். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். பாதையைத் தட்டச்சு செய்யாமல் கோப்பைப் பிடித்து இழுத்து டெர்மினலில் விட்டால் அதுவே எழுதிக்கொள்ளும்.

3800 என்பது ஒவ்வொரு துண்டின் அதிகபட்ச அளவு, மெபிபைட்டில். 4096 என்று போட்டால் ஃபேட்32 எல்லையை ஒரு பைட் தாண்டிவிடும். கொஞ்சம் இடம் விட்டு வைப்பதுதான் நல்லது. முடிந்ததும் பென்டிரைவில் இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம், இன்ஸ்டால்2.எஸ்டபிள்யூஎம் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். விண்டோஸ் செட்அப் இந்தப் பெயர்களைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், எதையும் மாற்றிச் சொல்லத் தேவையில்லை. அதற்காகவே பெயரை நம் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. முதல் துண்டின் பெயர் இன்ஸ்டால் என்றே இருக்க வேண்டும்.

துண்டாக்கும்போது எதுவும் மறுபடி சுருக்கப்படுவதில்லை, அதனால் பிராசஸருக்கு வேலை குறைவு. எடுக்கும் நேரம் முழுக்கப் பென்டிரைவ் எழுதும் வேகத்தைப் பொறுத்தது.

பிடுங்கும் அவசரம்

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில். லினக்ஸ், எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கிக்கொண்டு பிறகுதான் பென்டிரைவுக்கு அனுப்பும். காப்பி பட்டை 100ஐத் தொட்டுவிடும், ஆனால் பென்டிரைவின் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். ரேம் தாராளமாக உள்ள கணினியில் இன்னும் ஒரு ஜிபிக்கு மேல் எழுதாமல் பாக்கி இருக்கலாம். டெர்மினலில் சிங்க் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். கட்டளை வரி திரும்ப வரும்வரை காத்திருங்கள், சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு அன்மவுன்ட். "எழுதிக்கொண்டிருக்கிறது, பிடுங்க வேண்டாம்" என்ற அறிவிப்பு மறைந்த பிறகே கையை வைக்கலாம்.

சரிபார்க்க வேண்டும் என்றால் பென்டிரைவை ஒருமுறை கழற்றி மறுபடி செருகிவிட்டுச் செய்யுங்கள். கழற்றாமல் ஒப்பிட்டால் ரேமில் உள்ள பிரதியைப் படித்து எல்லாம் சரி என்று சொல்லிவிடும். டிஃப் கட்டளையோடு -ஆர் போட்டு ஐஎஸ்ஓ ஃபோல்டரையும் பென்டிரைவையும் ஒப்பிட்டால், இன்ஸ்டால்.விம் ஒரு பக்கமும் எஸ்டபிள்யூஎம் துண்டுகள் மறுபக்கமும் மட்டும் வேறுபாடாக வர வேண்டும். வேறு எந்தப் பெயர் வந்தாலும் அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது. மறுபடி காப்பி செய்தும் அதே கோளாறு என்றால் பென்டிரைவையே சந்தேகப்படுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் சந்தையில் உண்டு. எஃப்3 என்ற சிறு கருவி உண்மையான கொள்ளளவை எழுதிப் பார்த்துச் சொல்லிவிடும்.

மேக்கில் மாறுபவை

டிஸ்க் யூட்டிலிட்டியில் வியூ மெனுவைத் திறந்து எல்லா சாதனங்களையும் காட்டும் வசதியை இயக்குங்கள். இல்லையென்றால் பென்டிரைவின் உள் வால்யூம் மட்டுமே தெரியும், ஸ்கீம் மாற்றும் தேர்வே வராது. மேலே உள்ள சாதனத்தைத் தேர்ந்தெடுத்து இரேஸ்: ஃபார்மேட் எம்எஸ்-டாஸ் ஃபேட், ஸ்கீம் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் (எம்பிஆர், டேபிளின் பழைய வகை). ஜிபிடி அல்லவா நல்லது என்று தோன்றும். ஆனால் மேக்கில் ஜிபிடி தேர்ந்தெடுத்தால் உங்களைக் கேட்காமலே முதலில் 200 எம்பியில் ஒரு வெற்று இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்கிவிடும், சில ஃபர்ம்வேர்கள் அதைத் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடும். எம்பிஆர் டேபிளில் உள்ள ஃபேட்32வும் யூஇஎஃப்ஐயில் பூட் ஆகும்.

ஐஎஸ்ஓவை இரட்டை கிளிக் செய்தால் சிசிகோமா என்று தொடங்கும் நீளமான பெயரில் மவுன்ட் ஆகும். காப்பி செய்யும் முறை லினக்ஸில் சொன்னதேதான். விம்லிப்பை ஹோம்புரூ (மேக்குக்கான தொகுப்பு நிறுவி) மூலம் நிறுவலாம், அங்கே அதன் பெயர் விம்லிப். முடிந்ததும் ஃபைண்டரில் இஜெக்ட்.

எம்1 முதலான ஆப்பிள் சிலிகான் மேக்கில் இந்தப் பென்டிரைவைத் தயாரிக்கலாம், அதே மேக்கை இதில் பூட் செய்ய முடியாது. டி2 சிப் உள்ள இன்டெல் மேக்கில் பூட் செய்ய, ரிக்கவரியில் ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டியைத் திறந்து வெளிச் சாதனத்திலிருந்து பூட் ஆக அனுமதி தர வேண்டும்.

மற்ற இரு வழிகள்

அடிக்கடி பல இயங்குதளங்களை நிறுவுபவர்களுக்கு வென்டாய் என்ற கருவிதான் வசதி. லினக்ஸில் ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும், பூட் ஆகும்போது மெனுவில் வரிசையாக வரும். பெரிய பார்ட்டிஷன் எக்ஸ்ஃபேட்டில் இருப்பதால் 4 ஜிபி தடை இல்லை. ஃபர்ம்வேர் படிப்பது 32 எம்பி அளவுள்ள மற்றொரு ஃபேட் பார்ட்டிஷனை. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் முதல்முறை "வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்" என்று திரை வரும். பயப்பட வேண்டாம். என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க் தேர்ந்தெடுத்து, விடிஓஒய்இஎஃப்ஐ என்ற பார்ட்டிஷனில் உள்ள ஒரே சர்ட்டிஃபிகேட் கோப்பைக் காட்டி மறுபடி பூட் செய்ய வேண்டும். நிறுவனக் கணினியில், அடுத்தவர் கணினியில் இப்படிச் சாவி சேர்ப்பது முறையல்ல. அங்கே துண்டாக்கிய பென்டிரைவே நல்லது, அதில் ஓடுவது மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட பூட்லோடர்தான்.

இன்னொன்று இரட்டைப் பார்ட்டிஷன். 2 ஜிபியில் ஒரு ஃபேட்32, மீதியில் என்டிஎஃப்எஸ். ஃபேட்32இல் சோர்சஸ் தவிர எல்லாம், சோர்சஸ் ஃபோல்டருக்குள் பூட்.விம் மட்டும். என்டிஎஃப்எஸ்ஸில் ஐஎஸ்ஓ முழுவதும். 4 ஜிபியைத் தாண்டிய இஎஸ்டி கோப்பு மாட்டிக்கொண்டால் இதுதான் வழி, ஏனென்றால் அந்த வகைச் சுருக்கத்தை விம்ஸ்பிளிட் துண்டாக்காது. மேக் தன்போக்கில் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதாது என்பதால் இது லினக்ஸுக்கு மட்டும்.

யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் கணினிக்குக் கோப்பைக் காப்பி செய்த பென்டிரைவ் உதவாது, பூட் செக்டர் வேண்டும். அதற்கு வென்டாய் அல்லது வோயூஎஸ்பி-என்ஜி.

பூட் செய்யும்போது

பூட் மெனு விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அந்த மெனுவையே பயாஸுக்குள் (கணினியின் அமைப்புத் திரை) போய் இயக்கிவிட்டு வர வேண்டும். மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். "இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் நிறுவ முடியாது" என்று செட்அப் பின்னால் சண்டை போட்டால், பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கிறீர்கள் என்று பொருள். டிஸ்க்கை எம்பிஆருக்கு மாற்றப் போகாமல், வெளியே வந்து யூஇஎஃப்ஐ வரியில் பூட் செய்யுங்கள்.

செட்அப் ஓடுகிறது, ஆனால் நிறுவ டிஸ்க் எதையும் காட்டவில்லை: 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிகளில் இது சகஜம். எஸ்எஸ்டி விஎம்டி என்ற கட்டுப்படுத்திக்குப் பின்னால் இருக்கிறது, அதன் டிரைவர் ஐஎஸ்ஓவில் இல்லை. பயாஸில் விஎம்டியை அணைக்கலாம், அல்லது அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்து லோடு டிரைவர் மூலம் காட்டலாம். எக்ஸ்இ கோப்பாக வைத்தால் செட்அப் ஏற்காது, பிரித்தெடுத்து இன்ஃப் கோப்பு வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். வைஃபை டிரைவரையும் அதே கையோடு போட்டு வையுங்கள். விண்டோஸ் 11 கணக்கு உருவாக்கும் கட்டத்தில் இணையம் கேட்டு நிற்கும், வைஃபை டிரைவர் இல்லாமல் அந்தத் திரையைத் தாண்டுவது பெரும்பாடு. லினக்ஸை அழித்த பிறகு இதையெல்லாம் டவுன்லோடு செய்ய இன்னொரு கணினியைத் தேட வேண்டியிருக்கும்.

"மீடியா டிரைவர் இல்லை" என்ற செய்தி மட்டும் வேறு ரகம். டிரைவரைத் தேடி அலைய வைக்கும், பல நேரங்களில் உண்மைக் காரணம் எஸ்டபிள்யூஎம் துண்டுகளில் ஒன்று இல்லாததோ பாதியில் நின்றதோதான். யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றிப் பாருங்கள், அதிலும் அதே செய்தி என்றால் துண்டாக்கலை மறுபடி செய்யுங்கள்.

எதிர்த்திசையில்

விண்டோஸிலிருந்து லினக்ஸ் பென்டிரைவ் செய்ய ரூஃபஸ் என்ற செயலி போதும். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று அது கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ முறை, பூட் ஆகவில்லை என்றால் மட்டும் டிடி. டிடி முறையில் எழுதிய பென்டிரைவ், விண்டோஸில் சில எம்பி மட்டுமே உள்ளதாகக் காட்டும். பென்டிரைவ் செத்துப் போகவில்லை. நிர்வாகி உரிமையோடு டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியைத் திறந்து லிஸ்ட் டிஸ்க், பிறகு அளவைப் பார்த்து செலக்ட் டிஸ்க் என்பதோடு பென்டிரைவின் எண், பிறகு க்ளீன். டிஸ்க் 0 பெரும்பாலும் உள் டிஸ்க், க்ளீன் கட்டளை உறுதி கேட்காமல் உடனே அழிக்கும். அதற்குப் பின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது வால்யூம் உருவாக்கினால் முழு அளவும் திரும்பக் கிடைக்கும்.